மாதனூர் பேட்டரி வண்டி

மலேசியாவின் ஈப்போவிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியில் தைலப் புட்டி, பால்மாவு டின், சட்டைத் துணி என்று அடைத்துக்கொண்டு போவார்கள். நானும் அடைத்தேன். ஆனால் வழி முழுக்க மடியில் வைத்துக் கைக்குழந்தையைப்போல் காத்து வந்தது ஒரு கண்ணாடிக் குழாயை. பேட்டரியில் இருக்கும் அமிலத்தை உறிஞ்சி, அதில் எவ்வளவு சத்து மிச்சம் என்று சொல்கிற குழாய். உள்ளே ஒரு மிதவை இருக்கும். மிதவை பச்சைக் கோட்டில் நின்றால் பேட்டரிக்கு உயிர் இருக்கிறது. சிவப்பில் நின்றால் இல்லை.

அண்ணன் கேட்டது அது ஒன்றுதான். ஊருக்கு வந்துபோன ஒருவரிடம் சொல்லியனுப்பியிருந்தான். "இங்க விக்கிற குழாய் பொய் சொல்லுது. அங்கேர்ந்து நல்லதா ஒண்ணு வாங்கினு நீயே வாடா. வண்டிய வந்து பாரு."

நான் ஈப்போவில் டாக்சி ஓட்டுகிறவன். பொய் சொல்கிற குழாயை இதுவரை பார்த்ததில்லை. அதனால் கிளம்பும்போதே மனது சரியில்லை.

அண்ணன் பெயர் கோவிந்தன். என்னைவிடப் பத்து வயது மூத்தவன். மலேசியாவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். எழுபதுகளின் தொடக்கத்தில், குடியுரிமைத் தாள் இல்லாதவர்களெல்லாம் கப்பலேறியபோது அவனும் ஏறினான். அப்பா பிறந்த மாதனூருக்கு வந்து லாரி வேலை தேடினான். கிடைத்தது ஆம்பூர் டேனரியில் சுண்ணாம்புக் குழி வேலை. தோலை ஊறவைக்கிற குழியில் முழங்கால்வரை இறங்கி நிற்கிற வேலை அது. பத்து வருடத்துக்கு மேல் நின்றான். எண்பதுகளின் நடுவில், சென்னையில் ஏதோ ஒரு நிறுவனம் ஓட்டிப் பார்த்து அலுத்துப்போய் ஏலத்தில் விட்ட பேட்டரி வேன் ஒன்றை, குழியில் சம்பாதித்ததையெல்லாம் போட்டு எடுத்தான். டீசல் வேண்டாம், புகை இல்லை, சத்தம் இல்லை. மாதனூரைச் சுற்றியுள்ள ஊர்ப் பெண்களை ஆம்பூர் ஷூ கம்பெனிக்குக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டிவருகிற ஒப்பந்தம் கிடைத்தது. அதன்பிறகு அவன் குழியில் இறங்கவில்லை.

ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கியது ஒரு சனிக்கிழமை. ஊரை முதலில் மூக்குதான் பார்த்தது. கைக்குட்டையை எடுத்ததும் கூட வந்த பயணி ஒருவர் சிரித்தார். "ரெண்டு நாள்ல பழகிடும் சார். அப்புறம் வெளியூர் போனா மூக்கு சும்மா இருக்கற மாதிரி இருக்கும்." பின்னால் இரண்டு வியாபாரிகள் உருதுவில் பேசிக்கொண்டு போனார்கள். பாதி புரிந்தது. இந்த முறை ஆட்டுத்தோல் மட்டமாக வந்திருக்கிறது, ஆடுகளே சரியாகச் சாப்பிடுவதில்லை போலிருக்கிறது என்று ஒருவர் வருத்தப்பட்டார். ஆட்டுக்காக ஒருவர் வருத்தப்பட்டு நான் கேட்டது அங்கேதான்.

அண்ணன் வெளியே வேனோடு நின்றான். இளம் நீல நிறத்தில் தகரப் பெட்டி. முன்னால் பம்பரில் ஒரு மாட்டு மணி கட்டியிருந்தது. எதற்கு என்று கேட்டேன்.

"சத்தமே இல்லாம போவுதா, கோழியெல்லாம் அடியில வந்துடுது. ஹாரன் அடிச்சா பேட்டரி தீரும். அதான் மணி."

முதலில் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். சீரகச் சம்பா அரிசி, நல்ல கறி, பக்கத்தில் புளிப்பாகக் கத்தரிக்காய். ஈப்போவில் நாசி பிரியாணி என்ற பெயரில் நாங்கள் தின்பதை நினைத்து வெட்கமாக இருந்தது. இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த முழு சந்தோஷம் அந்த ஒரு இலைதான்.

பிறகு வண்டி ஏறினோம். வெயில் தகரத்தைப் பொரித்தது. உள்ளே ஒரு சின்ன விசிறி இருந்தது. சுவிட்சில் கை வைத்தேன். "அத தொடாத" என்றான். விசிறி போட்டால் வழியிலிருக்கும் பாலம்வரைகூட வண்டி போகாதாம். முன்விளக்கும் போடுவதில்லை. நெடுஞ்சாலையில் தோல் ஏற்றிய லாரிகள் எங்களைத் தாண்டின. பிறகு ஒரு டிராக்டர் தாண்டியது. பிறகு பின்னால் புல்லுக்கட்டு வைத்த ஒரு சைக்கிள்காரர் தாண்டி, திரும்பிப் பார்த்து, அண்ணனுக்குக் கையாட்டிவிட்டுப் போனார். மாதனூருக்கு முன்னால் பாலத்து மேட்டில் வண்டி மூச்சு வாங்கியது. அண்ணன் என்னைப் பார்த்தான். நான் புதுக் கால்சட்டையோடு இறங்கித் தள்ளினேன்.

"பொங்கல் வரைக்கும் சிங்கமா ஓடிச்சு. அப்புறம்தான் இன்னாவோ ஆயிடுச்சு" என்றான், நான் திரும்ப ஏறியபோது.

வீட்டுக்குப் போனதும் கைகால் கழுவக்கூட விடவில்லை. சீட்டைத் தூக்கினான். கீழே வரிசையாகப் பேட்டரிகள். ஒவ்வொரு மூடியிலும் குங்குமப் பொட்டு. நான் கொண்டுவந்த குழாயை எடுத்து முதல் பேட்டரியில் விட்டு உறிஞ்சினேன். மிதவை சிவப்பில் நின்றது. அடுத்ததும் சிவப்பு. எல்லாமே சிவப்பு. அண்ணன் குழாயை வாங்கித் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். தட்டிப் பார்த்தான்.

"புதுக் குழாய்தான. பழகணும்" என்றான்.

அன்று மாலை விஷயத்தைச் சொன்னான். வண்டி அடிக்கடி நின்றுபோய்ப் பெண்கள் தாமதமாகப் போகிறார்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் கம்பெனி டீசல் வேன் ஒன்றை வைத்துக்கொள்ளுமாம். அப்புறம் நீ என்ன செய்வாய் என்று கேட்டேன். வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினான். கணுக்காலுக்குக் கீழே தோல் வெள்ளை வெள்ளையாக வெந்து, வெடித்து, கூடி, மறுபடி வெடித்து இருந்தது. "வேற இன்னா. குழிக்குத்தான்" என்றான். எப்படியாவது இந்த வண்டியை ஓடவைத்துவிட்டுத்தான் போவது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அண்ணி சரோஜா ஒரு சொம்பு தண்ணீரை இரண்டு கையாலும் நீட்டினாள். மோர் கொடுப்பதுபோல் அவ்வளவு மரியாதை. "நல்ல தண்ணி தம்பி. நம்ம வண்டி கொண்டாந்தது. குடிங்க."

ஆம்பூர்க் கழிவு பாலாற்றில் இறங்கி, ஆற்றோரக் கிணறெல்லாம் கெட்டுப்போய்விட்டது. மாதனூர்த் தெருக்குழாயில் வருவது துணி துவைக்கக்கூட ஆகாது. மலையடியில் ஒரு நிலத்துக் கிணறு மட்டும் நல்லதாக இருக்கிறது. அங்கிருந்துதான் தெருவே குடிக்கிறது. வாங்கிக் குடித்தேன். நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு கரிப்பு. ஈப்போவில் தினமும் சாயங்காலம் மழை கொட்டும். குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீருக்கு ருசி உண்டா என்று நான் யோசித்ததே இல்லை. பயணத்தில் வாய் கெட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். "ரொம்ப இனிப்பா இருக்கு அண்ணி" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு. கம்பெனி லீவு என்பதால் வண்டிக்குத் தண்ணீர் வேலை. தெருக்காரர்கள் கொடுத்த பிளாஸ்டிக் டிரம்களை ஏற்றிக்கொண்டு மலையடிக் கிணற்றுக்குப் போய் நிரப்பி வந்தோம். போகும்போது அரை மணி, வரும்போது ஒரு மணி. தெருவில் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். யாரும் குடத்தை நீட்டவில்லை. முதலில் அண்ணி ஒரு சொம்பு மொண்டு வண்டியின் முன்சக்கரத்தில் ஊற்றினாள். பிறகுதான் மற்றவர்களுக்கு.

மாட்டு வண்டியில் தண்ணீர் வந்த காலத்திலிருந்து இது வழக்கம் என்றான் அண்ணன். சுமந்து வந்த மாட்டுக்கு முதல் வாளி. அது குடித்து முடித்தபிறகுதான் மனிதர் குடம். இப்போது சுமப்பது வண்டி, அதனால் பங்கு வண்டிக்கு. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. எங்கள் ஊரில் டாக்சிக்கு நாங்கள் கொடுப்பது உதை மட்டும்தான்.

சாயங்காலம் வண்டிக்குச் சார்ஜ் போட வேண்டும். அண்ணன் வீட்டுச் சுவரில் ஒரு இரும்புப் பெட்டி. அதிலிருந்து கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு வயர். சொருகி சுவிட்சைப் போட்டதும் பெட்டி முனக ஆரம்பித்தது. தெருவிலிருந்த பல்பெல்லாம் நெருப்புத் துண்டு மாதிரி சிவந்து அடங்கின. உடனே எதிர்வீட்டிலிருந்து ஒரே கூச்சல்.

எதிர்வீடு காதர் பாயுடையது. தெருவிலேயே டிவி அவர் வீட்டில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்குத் தெருவே அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. வண்டிக்குச் சார்ஜ் ஏறினால் டிவியில் படம் நாலு பக்கமும் சுருங்கும். கதாநாயகி தீப்பெட்டி அளவுக்கு வந்துவிடுவாள். காதர் பாய் வாசலுக்கு வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை.

"கோவிந்தா, கொஞ்சம் அவுத்துடுப்பா. அழற சீனு. யார் அழறாங்கன்னே தெரியல."

அண்ணன் அவிழ்த்தான். படம் விரிந்தது. நடுவில் செய்தி வந்தபோது ஓடிப்போய்ச் சொருகினான். செய்தி வாசிக்கிறவர் சுருங்கினால் யாருக்கும் கவலை இல்லை. செய்தி முடிந்ததும் மறுபடி அவிழ்த்தான். கடைசிப் பாட்டு முடிந்து எல்லோரும் எழுந்து, இனிமேல் நிம்மதி என்று சொருகியபோது கரண்ட்டே போய்விட்டது. "பேஜாரா பூடுச்சே உனக்கு" என்று காதர் பாய் அண்ணன் தோளில் கை வைத்தார். அண்ணன் இருட்டில் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு கரண்ட் எப்போது வந்தது, எவ்வளவு ஏறியது என்று எனக்குத் தெரியாது, தூங்கிவிட்டேன். அவன் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காலை வண்டியில் நானும் ஏறினேன். ஒவ்வொரு ஊர் முனையிலும் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றார்கள். ஏறும்போதே வண்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறினார்கள். தேவகி என்று ஒருத்தி, ஷூவின் மேல்தோலைத் தைக்கிற மிஷினில் வேலை. அவள்தான் வாய்.

"ஈப்போ அண்ணே, உங்க ஊர்லயும் வண்டிக்கு ஜனங்க சார்ஜ் குடுப்பாங்களா?"

பாலத்து மேட்டில் வண்டி நின்றது. அண்ணன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை, தலையையும் தூக்கவில்லை. பெண்கள் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி, புடவையைச் செருகிக்கொண்டு, அவரவர் இடத்தில் கை வைத்தார்கள். யார் எங்கே நின்று தள்ளுவது என்று அவர்களுக்கு ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அதைப் பார்த்ததும் என் மனது விட்டுப்போயிற்று. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "தள்றதுக்கும் கம்பெனியில உருப்படிக்கு இவ்ளோன்னு கூலி போட்டா நாம பெரிய ஆளாயிடலாம்" என்றாள் தேவகி. எல்லோரும் சிரித்தார்கள். மேட்டைத் தாண்டியதும் கொஞ்ச தூரம் ஓடியது. மறுபடி நின்றது.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கம்பெனி கேட்டை மூடிவிட்டார்கள். தாமதமானால் பாதி நாள் போச்சு. பெண்கள் சுவர் நிழலில் வரிசையாக உட்கார்ந்து தூக்கைத் திறந்து, மதியச் சாப்பாட்டைக் காலையிலேயே தின்றார்கள். சூப்பர்வைசர் வெளியே வந்தார். கண்ணாடி போட்ட இளைஞர். அண்ணனைவிட அவர்தான் அதிகம் சங்கடப்பட்டார்.

"பெரியவரே, எனக்கும் மேல ஆள் கீறாங்க. சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல நான் இன்னா சொல்லட்டும்."

"சரி சார்" என்றான் அண்ணன். வயதில் தன் மகனைப்போன்ற ஒருவரிடம் அவன் அப்படிக் கைகட்டி நின்றதை நான் பார்த்திருக்க வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை காலை பெண்களை விட்டுவிட்டு வந்ததும் இரண்டு பேட்டரிகளைக் கழற்றிச் சாக்கில் கட்டி வேலூருக்கு பஸ் ஏறினோம். "இன்னா மூட்ட?" என்றார் கண்டக்டர். அண்ணன் உண்மையைச் சொன்னான். உண்மை சொல்கிறவனுக்கு பஸ்ஸில் இடம் கிடையாது. அந்த பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் "அரிசி" என்று நான் சொன்னேன். பள்ளிகொண்டாவில் குடியாத்தம் நெசவாளர் ஒருவர் லுங்கிக் கட்டோடு ஏறி, எங்கள் அரிசியின் மேலேயே கட்டை வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். விரிஞ்சிபுரம் தாண்டியபோது ஒரு அமில நெடி. கட்டைத் தூக்கினால் அடி லுங்கியில் பொத்தல் பொத்தலாக ஓட்டை. அவர் விழித்து, லுங்கியை விரித்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

"இன்னாங்க இது. நேத்துதான் தறியிலேர்ந்து எறக்கினது."

அந்த லுங்கியை நானே வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது. இன்றைக்கும் ஈப்போ வீட்டில் அதைத்தான் கட்டிக்கொண்டு காரைக் கழுவுகிறேன். நல்ல நெசவு, ஓட்டை பெரிதாகவே இல்லை.

வேலூரில் பேட்டரிக் கடைக்காரர் வேறொருவரிடம் பேசிக்கொண்டே எங்கள் மூடியைத் திறந்தார். முகர்ந்தார். கம்பியை விட்டுக் கிளறினார். அடியில் பழுப்பாகச் சேறு.

"இதுக்கு இன்னா தண்ணி ஊத்தறீங்க?"

"டிஸ்டில் வாட்டர்தான். ஆம்பூர்ல சீல் வச்ச பாட்டில்" என்றான் அண்ணன்.

"அப்ப உங்கள ஏமாத்தறான். உப்புத் தண்ணி குடிச்ச பேட்டரி இது. தகடெல்லாம் போச்சு. பண்றதுக்கு ஒண்ணும் இல்ல, மொத்த செட்டும் மாத்தணும்" என்று சொல்லிவிட்டு மற்றவரிடம் திரும்பினார்.

மொத்த செட்டு என்றால் அண்ணன் இன்னொரு பத்து வருடம் குழியில் நிற்க வேண்டும். என்னிடமும் அவ்வளவு கிடையாது. டாக்சி ஓட்டுகிறவனைப் பணக்காரன் என்று நினைக்கிற ஊருக்கு நான் வந்திருந்தேன், அவ்வளவுதான். ஆனால் திரும்பும் பஸ்ஸில் அண்ணன் முகத்தில், நான் வந்ததிலிருந்து பார்க்காத தெளிவு இருந்தது. கோபப்பட ஒரு ஆள் கிடைத்துவிட்டான்.

புதன்கிழமை ஆம்பூர்க் கடையில் போய் அண்ணன் சண்டை போட்டான். அவன் கத்தி நான் கேட்டதே இல்லை. "பச்சத் தண்ணிய அடச்சு விக்கறியே, நீ நல்லாருப்பியா?" கடைக்காரர் வயதானவர். அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து எங்கள் முன்னாலேயே சீலை உடைத்து, "நீங்களே பாருங்க பாய்" என்று நீட்டினார். அவருக்கு எல்லோரும் பாய்தான். நான் கண்ணாடிப் பலகையில் நாலு சொட்டு விட்டு வெயிலில் வைத்தேன். காய்ந்தது. கண்ணாடியில் ஒரு தடமும் இல்லை. சுத்தமான தண்ணீர்.

"ஒண்ணு நல்லதா வச்சிருப்பான், காட்டறதுக்கு" என்றான் அண்ணன், வழியில். அவனுக்கு அந்தக் கோபம் தேவையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, சமையலறை மாடத்தில் இருந்த பேட்டரித் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தேன். அதே கடைப் பாட்டில், அதே லேபிள். எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் ஊற்றி முற்றத்து வெயிலில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் தட்டின் நடுவில் சுண்ணாம்புக் கோலம்போல் தடித்த வெள்ளை வளையம் நின்றது. "பாத்தியா, நான் சொன்னேனில்ல" என்றான் அண்ணன். கிட்டத்தட்ட சந்தோஷமாகச் சொன்னான்.

அண்ணி முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "இன்னா பாக்கறீங்க ரெண்டு பேரும்?"

"ஆம்பூர்க்காரன் குடுத்த தண்ணி அண்ணி. உப்பு."

அவள் பாட்டிலைப் பார்த்தாள். "அது ஆம்பூர்த் தண்ணி இல்லியே. நான் ஊத்தி வச்சதுதான."

அண்ணன் திரும்பினான்.

"அந்தக் கட கால்வா பக்கத்துல இருக்குது. கால்வாயில இன்னா கலர்ல ஓடுதுன்னு உனக்குத் தெரியாதா? அந்த ஊர் தண்ணிய எப்டி நம்பறது? பொங்கலுக்கு அப்புறம் நீ பாட்டில் வாங்கியாந்ததும் அத கொட்டிட்டு, நம்ம நல்ல தண்ணியதான் ரொப்பி வைக்கறேன். நீ அதத்தான் ஊத்தினு இருக்கற." குரலில் ஒரு தயக்கமும் இல்லை. "சக்கரத்துல ஊத்தினா மண்ணுலதான போவுது? அது வயித்துக்குப் போவட்டும்னு நெனச்சேன். அதுதான சுமந்துனு வருது. அதுக்கில்லாத பங்கு யாருக்கு?"

அவள் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள். குனிந்து, விரலால் அந்த வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

அப்புறம் எழுந்து உள்ளே போனாள். இன்னொரு தட்டு எடுத்து வந்தாள். குடிக்கிற பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு, அந்தத் தட்டில் கொஞ்சம் ஊற்றி, முதல் தட்டின் பக்கத்தில் வைத்தாள். நான் தடுக்க நினைத்தேன். தடுத்து என்ன ஆகப்போகிறது. மூன்று பேரும் உட்கார்ந்து அது காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதே வளையம்.

கிணறு ஒரே நாளில் உப்பாகியிருக்காது. வருடக்கணக்கில் துளித்துளியாக ஆகியிருக்கும். நாக்கும் துளித்துளியாகப் பழகியிருக்கும். வெளியூரிலிருந்து வந்த எனக்கு முதல் சொம்பிலேயே தெரிந்தது. நான் இனிப்பு என்றேன். ஈப்போவிலும் வெள்ளீயம் தோண்டித் தோண்டி நிலத்தைக் குளம் குளமாக விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் குளத்து நீரை யாரும் குடிக்கச் சொன்னதில்லை. அந்த ஒரு வித்தியாசம்தான் என் ஊருக்கும் இதற்கும். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

"நான்தான் சாகடிச்சுட்டேனா?" என்றாள் அண்ணி, வண்டியைப் பார்த்து.

அண்ணன் அவளைத் திட்டவில்லை. "அந்தக் கடக்காரர்கிட்ட போய் கண்டபடி பேசிட்டேனே" என்று மட்டும் சொன்னான். மறுநாள் காலை ஆம்பூருக்குப் போய் அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். பஸ்ஸில்தான் போனான்.

வியாழனும் வெள்ளியும் வண்டி பாலம்வரைகூடப் போகவில்லை. பெண்கள் நெடுஞ்சாலைக்கு நடந்துபோய்க் கிடைத்த லாரியில் ஏறினார்கள். சனிக்கிழமை காலை ஒரு வெள்ளை டீசல் வேன் புகையோடும் ஹாரனோடும் ஊருக்குள் வந்தது. தேவகி எங்கள் வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். எப்போதும் பேசுகிறவள், "வர்றேண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறினாள். வேன் மேட்டை ஒரே மூச்சில் ஏறிப்போன சத்தம் எங்களுக்குக் கேட்டது.

அண்ணன் பம்பரிலிருந்து மாட்டு மணியை அவிழ்த்தான். பிறகு பரணிலிருந்து முழங்கால்வரை வருகிற ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸை இறக்கினான். ஒன்றில் வெடிப்பு. சைக்கிள் ட்யூப் துண்டு வெட்டி ஒட்டு போட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பசை ஆறும்வரை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த வேலையில் அவனுக்கு உதவியது அது ஒன்றுதான். நான் கொண்டுவந்த கண்ணாடிக் குழாயை அண்ணன் துணியில் சுற்றி என் பெட்டியில் வைத்தான்.

"நீயே எடுத்துனு போடா. அங்கயாவது பச்ச காட்டட்டும்."

அவனுக்குத் திங்கட்கிழமையிலிருந்து குழி. எனக்கு ஞாயிறு மதியம் ரயில்.

ஞாயிறு காலை தெருவில் பெண்கள் வழக்கம்போல் குடத்தோடு நின்றார்கள். கிணற்றைப் பற்றி அண்ணி எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். ஒளிக்கவில்லை. காதர் பாய் வீட்டில்கூட ஒரு தட்டு வைத்துப் பார்த்தார்களாம். வாடகைக்குப் பிடித்த மாட்டு வண்டி ஒன்று டிரம்களோடு மலையடியிலிருந்து வந்து நின்றது. அண்ணியும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள்.

"அண்ணி, அதே தண்ணியா?" என்றேன்.

"வண்டிக்கு ஆவல தம்பி" என்றாள். "நாங்க குடிச்சுனுதான கீறோம். வேற எங்க போறது, சொல்லுங்க."

வண்டிக்காரர் நுகத்தை இறக்கி, முதல் வாளியை மாடுகளுக்கு வைத்தார். ஒன்று உடனே குடித்தது. மற்றது மூக்கை வாளிக்குள் விட்டு, எடுத்து, கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டுப் பிறகு குடித்தது. அவை குடித்து முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு அண்ணி குடத்தை நீட்டினாள்.